சீனக்குடாவின் குதங்களும் மியூனிக் மேசையும்

தோப்பூரில் இருந்துகொண்டு இரண்டாம் உலக யுத்தத்தைப் படிப்பிக்கிற எவரும் சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களில்தான் தொடங்க வேண்டும் என்பது என் பிடிவாதம். பாடப்புத்தகம் வேர்சாய் உடன்படிக்கையில் தொடங்கும். ஹிட்லர் வருவார், போலந்து விழும், கடைசியில் ஹிரோஷிமா. பிள்ளைகள் ஆண்டுகளை மனப்பாடம் செய்து பரீட்சைத் தாளில் எழுதிவிட்டு அடுத்த மாதமே மறந்துவிடுவார்கள். ஐரோப்பாவில் யாரோ யாருடனோ ஒப்பந்தம் எழுதினார்களாம், யாரோ அதை முறித்தார்களாம், அதில் நமக்கென்ன என்ற எண்ணம் அவர்களுடைய முகத்திலேயே தெரியும். அந்த எண்ணம் எவ்வளவு பிழை என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மூதூர் இறங்குதுறையில் நின்று வடக்கே பார்த்தால் கொட்டியாரக் குடா விரிந்து கிடக்கும். மறுகரையில் திருகோணமலைக் குன்றுகள். குன்றுகளுக்குப் பின்னே மடிந்து ஒளிந்திருக்கிறது உள்துறைமுகம். வெளியே என்ன புயலடித்தாலும் உள்ளே நிற்கிற கப்பலுக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவு ஆழம், அவ்வளவு மறைவு. அதற்கும் அப்பால், சீனக்குடாக் காட்டுக்குள் வரிசை வரிசையாக நிற்கின்றன அந்தக் குதங்கள். பிரித்தானியர் கட்டியவை 101. இன்று மிஞ்சியிருப்பவை 99. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். பல குதங்கள் துருவேறி, கொடி படர்ந்து, குரங்குகளின் இடமாகிவிட்டன. ஒன்றின் அடியில் நின்று அண்ணாந்து பார்த்தால், இரும்புத் தகடுகளைப் பொருத்திய ஆணிகளின் குமிழ்கள் ஒரே கோட்டில் மேலே ஏறிப்போவது தெரியும். இத்தனை ஆண்டுத் துருவிலும் அந்தக் கோடு பிசகவில்லை. அவ்வளவு கவனமாகக் கட்டியிருக்கிறார்கள்.

யாருக்காக இவ்வளவு எண்ணெய்? அந்தக் காலத்து இலங்கையில் ஓடிய கார்களுக்கும் பஸ்களுக்கும் இதில் ஒரு மூலைகூடத் தேவைப்பட்டிராது. ஹிட்லருக்காகவும் கட்டவில்லை. 1920களில் இந்த வேலை தொடங்கியபோது, மியூனிக்கில் ஆட்சியைப் பிடிக்கப் பார்த்துத் தோற்றுச் சிறைக்குப் போன ஒரு கட்சிக்காரர்தான் அவர். குதங்கள் சமாதான காலத்தில், ஆயுதக் குறைப்பு உடன்படிக்கைகளின் மை காய்வதற்கு முன் எழும்பியவை. யுத்தம் எங்கள் கரைக்கு 1942 ஏப்ரலில் வந்தது என்று எழுதுகிறார்கள். இல்லை. இந்தக் குதங்களுக்கு அத்திவாரம் வெட்டிய நாளிலேயே வந்துவிட்டது.

ஐரோப்பாவில் பேனா அசைந்தால் கொட்டியாரத்தில் கொடி மாறுவது அதற்கும் வெகுகாலத்துக்கு முந்திய கதை. அமெரிக்க சுதந்திரப் போரில் ஒல்லாந்தர் பிரித்தானியருக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்தார்கள் என்பதற்காக 1782 ஜனவரியில் பிரித்தானியர் திருகோணமலையைப் பிடித்தார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரான் அதைப் பறித்தார். பிறகு சமாதானம் எழுதி ஒல்லாந்தரிடமே திருப்பிக் கொடுத்தார்கள். 1795இல் நடந்தது இன்னும் பெரிது. பிரெஞ்சுப் புரட்சிப் படைகள் ஒல்லாந்துக்குள் புகுந்ததும், அந்த நாட்டின் தலைவர் ஐந்தாம் வில்லியம் மீன்பிடிப் படகேறி இங்கிலாந்துக்குத் தப்பினார். அங்கே கியூ அரண்மனையில் அடைக்கலம் இருந்தபடி, உங்கள் கோட்டைகளுக்குள் பிரித்தானியப் படையை விடுங்கள் என்று குடியேற்ற நாடுகளின் ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார். ஓகஸ்ட் மாதத்தில் திருகோணமலை பிரித்தானியர் வசம் போயிற்று. 1802இல் பிரான்சின் அமியன் நகரத்தில் கையெழுத்தான உடன்படிக்கை அதை நிரந்தரமாக்கியது. இந்த எந்தக் காகிதத்திலும் கொட்டியாரத்து வயற்காரனுக்கோ, கிண்ணியாவின் மீனவனுக்கோ, திருகோணமலைக் கடைக்காரனுக்கோ ஒரு வரி இடமிருந்ததில்லை.

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1902இல் பிரித்தானியா ஜப்பானுடன் கூட்டு வைத்தது. 1904இல் பிரான்சுடன் பழைய பகையைத் தீர்த்துக்கொண்டது. அதே காலத்தில் ஜேர்மனி பெரிய கடற்படை கட்டத் தொடங்கியிருந்தது. தூரத்துக் கடல்களை நண்பர்களின் பொறுப்பில் விட்டுவிட்டு, போர்க்கப்பல்களை வீட்டு வாசலில் குவிக்க வேண்டும் என்று கடற்படைத் தலைவர் ஃபிஷர் தீர்மானித்தார். விளைவு, 1905இல் திருகோணமலைக் கடற்படைத் தளத்தை மூடினார்கள். டோக்கியோவுக்கும் பாரிசுக்கும் எழுதிய கடிதங்களால் எங்கள் துறைமுகம் வெறிச்சோடியது.

அந்த நட்பு வெறும் காகித நட்பும் இல்லை. 1914இல் அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களை ஏற்றிய கப்பல் கூட்டம் இந்து சமுத்திரத்தைக் கடந்து கொழும்புக்கு வந்தபோது அதற்குக் காவலாக வந்த கப்பல்களில் ஒன்று ஜப்பானியக் கப்பல். இபுகி என்று பெயர். இந்தப் பெயரை நான் வகுப்பில் கட்டாயம் சொல்வேன். 28 ஆண்டுகளில் காவல்காரன் குண்டுபோட வருகிற ஆளாக மாறியது எப்படி என்று பிள்ளைகள் தாங்களாகவே கேட்பார்கள்.

விடை வாஷிங்டனில் இருக்கிறது. முதலாம் உலக யுத்தம் முடிந்து எல்லோரும் கடனில் மூழ்கிக் கிடந்த நேரம். இனிப் போர்க்கப்பல் கட்டிப் போட்டிபோட முடியாது என்று வல்லரசுகள் 1921இல் அங்கே கூடின. பிரித்தானியாவும் அமெரிக்காவும் தலா 5 பங்கு, ஜப்பான் 3 பங்கு என்று பெருங்கப்பல்களுக்கு அளவு வைத்து 1922 பெப்ரவரியில் கையெழுத்திட்டார்கள். நல்ல காரியம்தான். கோடிக்கணக்கான பணம் மிச்சமாயிற்று, கட்டிக்கொண்டிருந்த கப்பல்களைக்கூட உடைத்தார்கள். ஆனால் அதே மாநாட்டில், அமெரிக்காவின் மனம் கோணாமல் இருக்க, பிரித்தானியா ஜப்பானுடனான கூட்டைக் கைவிட்டது. நண்பனும் போய், நமக்குக் குறைத்துத் தந்துவிட்டார்கள் என்ற மனக்கசப்பும் டோக்கியோவில் தங்கியது. ஆயுதத்தைக் குறைத்த அதே கை அடுத்த எதிரியையும் உண்டாக்கியது.

இனிக் கிழக்கை யார் காப்பது? இரண்டு கடலுக்கு இரண்டு கடற்படை வைக்கப் பிரித்தானியாவிடம் பணமில்லை. ஆகவே ஒரு திட்டம் போட்டார்கள். சிங்கப்பூரில் பெரிய தளம் கட்டுவோம். கப்பல்கள் ஐரோப்பாவிலேயே நிற்கட்டும். ஜப்பான் அசைந்தால் அங்கிருந்து புறப்பட்டுப் போவோம். கடற்படை அதற்குள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியிருந்தது. இங்கிலாந்திலிருந்து சிங்கப்பூர் வரை அவ்வளவு கப்பல்களும் ஓட வேண்டுமானால் வழிநெடுக எண்ணெய் இருக்க வேண்டும். சீனக்குடாவில் 101 குதங்கள் எழும்பியது இதற்காக. கப்பல்கள் வந்து சேர 42 நாள் போதும் என்று முதலில் கணக்கிட்டார்கள். இந்த 42 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டத்தின் உயிர்நாடி ஒன்றே ஒன்று. ஐரோப்பா அமைதியாக இருக்க வேண்டும். அங்கே தீப்பிடித்தால் கப்பல் எதுவும் கிழக்கே அசையாது. 1930களில் அந்த அமைதியைக் கெடுத்தவை வெறும் எல்லைச் சண்டைகள் அல்ல, மனித மனங்களைப் பிடித்தாட்டிய கொள்கைகள். 1922இல் இத்தாலியில் முசோலினி ஆட்சிக்கு வந்தார். அரசுதான் எல்லாம், தனிமனிதன் அதற்குக் கருவி, யுத்தம் ஒரு நாட்டின் வீரத்துக்கு அடையாளம் என்பது பாசிசம். ஜேர்மனியின் நாசிகள் அதில் இனவெறியையும் கலந்தார்கள். உயர்ந்த இனத்துக்கு நிலம் போதாது, கிழக்கே தாழ்ந்த இனங்களின் நிலத்தைப் பிடிக்கலாம், யூதர்களை ஒழிக்கலாம் என்றார்கள். ஜப்பானில் படை அதிகாரிகள் பேரரசரின் பெயரைச் சொல்லி அரசியல்வாதிகளை மிரட்டி, சிலரைக் கொன்றும், நாட்டை யுத்தப் பாதையில் இழுத்துப்போனார்கள். இவற்றுக்கு எதிரே சோவியத் பொதுவுடைமை. பொருளாதார மந்தத்தில் வேலையிழந்து நின்ற கோடிக்கணக்கானோருக்கு இந்தக் கொள்கைகள் சோற்றையும் மானத்தையும் ஒன்றாகத் தருவோம் என்று வாக்களித்தன. மனிதர்கள் அதை நம்பியதில் எனக்கு வியப்பில்லை. பசித்தவனுக்கு ஓர் எதிரியைக் காட்டுவது எவ்வளவு எளிது என்பதை எங்கள் நாட்டிலேயே கண்டிருக்கிறோம்.

ஜனநாயகம் பேசிய பிரித்தானியாவின் நிலை என்ன? 1931இல் டொனமூர் யாப்பு இலங்கையில் 21 வயது வந்த ஆண், பெண் எல்லோருக்கும் வாக்குரிமை தந்தது. ஆசியாவில் அப்போது அது எவ்வளவு பெரிய விடயம்! ஜேர்மனியர் 1933 மார்ச்சில் தங்கள் பாராளுமன்றத்தின் அதிகாரத்தை ஹிட்லரிடம் தூக்கிக் கொடுத்தபோது, எங்கள் கிராமங்களில் கைநாட்டு வைக்கிற பெண்ணுக்கும் ஒரு வாக்கு இருந்தது. ஆனால் பாதுகாப்பும் வெளிவிவகாரமும் அந்த வாக்குக்கு எட்டாதவை. அவற்றைப் பிரித்தானியா நியமித்த பிரதம செயலாளர் கையில் வைத்திருந்தார். எண்ணெய்க் குதம் எந்த ஊரில் எழும்பலாம் என்று அந்த ஊர்ச் சனத்தைக் கேட்கிற ஜனநாயகம் அது அல்ல.

இனி 42 நாளுக்கு என்ன நடந்தது என்று பாருங்கள். 1931 செப்டம்பரில் ஜப்பானியப் படை மஞ்சூரியாவுக்குள் இறங்கியது. சர்வதேச சங்கம் விசாரணைக் குழு அனுப்பியது, குழு அறிக்கை எழுதியது, 1933இல் ஜப்பான் சங்கத்தை விட்டே எழுந்து போனது. 1935 யூனில் பிரித்தானியா, பிரான்சிடம் ஒரு வார்த்தை கேட்காமல், தன் கடற்படையில் 35 சதவீத அளவுக்கு நீ கப்பல் கட்டலாம் என்று ஹிட்லருடன் உடன்படிக்கை செய்துகொண்டது. வேர்சாய் உடன்படிக்கையில் தான் போட்ட பூட்டைத் தானே திறந்த கதை. காரணம், ஜேர்மனியை ஓர் அளவுக்குள் நிறுத்தி வைத்தால்தான் கிழக்கே அனுப்பக் கப்பல் மிஞ்சும் என்ற கணக்கு.

அதே ஆண்டு ஒக்டோபரில் முசோலினி அபிசீனியா மீது பாய்ந்தார். சர்வதேச சங்கம் தண்டனையாக வணிகத் தடை விதித்தது. பட்டியலில் என்னென்னவோ இருந்தன. எண்ணெய் மட்டும் இல்லை. இத்தாலியின் லொறிகளும் விமானங்களும் இயங்கத் தேவையான அந்த ஒரு பொருளை நிறுத்தத் துணிவு வரவில்லை. சுயஸ் கால்வாயையும் மூடவில்லை. டிசம்பரில் பிரித்தானிய வெளியுறவு அமைச்சர் ஹோரும் பிரான்சின் லவாலும் அபிசீனியாவைக் கூறுபோட்டு முசோலினிக்குக் கொடுக்க இரகசியமாகத் திட்டம் தீட்ட, அது பத்திரிகையில் வெளிவந்து ஹோர் பதவி இழந்தார். 1936 யூனில் பேரரசர் ஹைலி செலாசி ஜெனீவாவுக்கே வந்து சங்கத்தின் முன் முறையிட்டார். இந்த இடத்தைப் படிப்பிக்கும்போது என் குரல் எப்போதும் உயர்ந்துவிடும். உலகம் முழுவதும் கூடியிருந்த மண்டபத்தில் ஒரு நாடு நியாயம் கேட்டது. அடுத்த மாதமே தடைகளை நீக்கினார்கள். முசோலினியோ நன்றி சொல்லவில்லை, ஹிட்லர் பக்கம் போனார். சிங்கப்பூருக்குப் போகும் வழியில், மத்தியதரைக் கடலின் நடுவில், புதிதாக ஓர் எதிரி முளைத்தான்.

1937 கடைசியில் பிரித்தானியப் படைத் தலைவர்கள் தங்கள் அரசுக்கு ஒரு விடயத்தை வெளிப்படையாக எழுதிக் கொடுத்தார்கள். ஜேர்மனி, இத்தாலி, ஜப்பான் மூன்றையும் ஒரே நேரத்தில் எதிர்க்க நம்மால் முடியாது; எதிரிகளின் எண்ணிக்கையை இராஜதந்திரம்தான் குறைக்க வேண்டும். பிரதமர் சேம்பர்லின் ஹிட்லருக்கு விட்டுக்கொடுத்ததைக் கோழைத்தனம் என்று பலர் எழுதுகிறார்கள். கோழைத்தனத்துக்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருந்தது. அவர் ஐரோப்பாவைக் காக்கிற பிரதமர் மட்டும் அல்ல. சுயஸ், ஏடன், திருகோணமலை, சிங்கப்பூர் என்று நீண்ட ஒரு சாம்ராச்சியத்தின் காவல்காரர். சாம்ராச்சியத்தை வைத்திருக்கவும் வேண்டும், அதற்கான கப்பலும் இல்லை. ஆகவே வேறொருவருடைய நாட்டைக் கொடுத்துச் சமாளித்தார்.

அந்த வேறொரு நாடு செக்கோசிலோவாக்கியா. 1938 செப்டம்பர் 29ஆம் திகதி மியூனிக்கில் ஹிட்லர், முசோலினி, சேம்பர்லின், பிரான்சின் தலாதியே நால்வரும் மேசையில் அமர்ந்தார்கள். செக் பிரதிநிதிகளை மேசைக்கு அழைக்கவில்லை. அவர்கள் வெளியே காத்திருக்க, உள்ளே அவர்களுடைய எல்லைப்புறத்தை வெட்டிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள். அதற்கு இரண்டு நாள் முன்பு வானொலியில் பேசிய சேம்பர்லின், தூரதேசத்தில் முன்பின் அறியாத மக்களின் சண்டை என்று அந்த நாட்டைக் குறிப்பிட்டார். லண்டனிலிருந்து பிராக் ஏறக்குறைய 1,000 கிலோமீற்றர். திருகோணமலை 8,000 கிலோமீற்றருக்கும் மேல். பிராக் தூரமாகவும் திருகோணமலை கைக்குள் இருப்பதாகவும் தோன்றியது ஏன் என்று யோசிக்க வேண்டும். செக் மக்களை அவர் அறிந்திருக்கவில்லை என்றால் எங்களையும் அறிந்திருக்கவில்லை. எங்களிடம் துறைமுகம் இருந்தது.

மிச்சக் கதை விரைவாக நடந்தது. 1939 மார்ச்சில் ஹிட்லர் பிராக் நகரத்தையே பிடித்தார். அந்த மாதக் கடைசியில் பிரித்தானியா போலந்துக்குக் காவல் வாக்குக் கொடுத்தது. ஓகஸ்ட் 23இல் பாசிசத்தின் பரம எதிரி என்று உலகம் நம்பிய ஸ்டாலின் ஹிட்லருடன் உடன்படிக்கை செய்தார். செப்டம்பர் 1இல் போலந்து தாக்கப்பட்டது, 3இல் பிரித்தானியா யுத்தம் அறிவித்தது, அந்த அறிவிப்போடு இலங்கையும் யுத்தத்துக்குள் போயிற்று. கப்பல்கள் சிங்கப்பூர் வந்து சேர எத்தனை நாள் ஆகும் என்ற கணக்கு இப்போது 180 நாளில் வந்து நின்றது. ஐரோப்பாவில் நடந்த ஒவ்வொரு விட்டுக்கொடுப்பும் ஒவ்வொரு முறிவும் அந்த எண்ணில் ஏறி உட்கார்ந்திருந்தன.

ஸ்டாலின் செய்த உடன்படிக்கை இலங்கைக்குள்ளும் வெடித்தது. 1935 டிசம்பரில் தொடங்கிய லங்கா சமசமாஜக் கட்சி, இது ஏகாதிபத்தியங்களின் யுத்தம், நமக்கு இதில் வேலையில்லை என்றது. மொஸ்கோவைப் பின்பற்றியவர்களைக் கட்சி வெளியேற்றியது. அவர்கள் எஸ். ஏ. விக்கிரமசிங்க, பீற்றர் கெனமன், யாழ்ப்பாணத்துத் தமிழரான அ. வைத்தியலிங்கம் முதலியோருடன் 1940 நவம்பரில் ஐக்கிய சோசலிசக் கட்சியை அமைத்தார்கள். 1941 யூனில் ஹிட்லர் ரஷ்யா மீது படையெடுத்ததும் அவர்களுக்கு இதே யுத்தம் ஆதரிக்க வேண்டிய யுத்தமாயிற்று. சமசமாஜத் தலைவர்களான என். எம். பெரேரா, பிலிப் குணவர்த்தன, கொல்வின் ஆர். டி சில்வா, எட்மண்ட் சமரக்கொடி நால்வரும் 1940 யூனிலேயே சிறையில். அவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பியது 1942 ஏப்ரல் 7ஆம் திகதி. இரண்டு நாள் முன்பு கொழும்பில் குண்டு விழுந்திருந்தது. இரண்டு நாள் கழித்து எங்கள் பக்கம் விழுந்தது.

அதற்கும் காரணம் எண்ணெய்தான். 1941 யூலையில் ஜப்பான் தெற்கு இந்தோசீனாவைப் பிடித்ததும் அமெரிக்கா, பிரித்தானியா, ஒல்லாந்து மூன்றும் அதற்கு எண்ணெய் விற்பதை நிறுத்தின. முசோலினிக்குச் செய்யத் துணியாததை இப்போது செய்தார்கள். எண்ணெய்க்காக ஜப்பான் தெற்கே இறங்கியது. 180 நாள் காத்திருக்க வேண்டிய பெருங்கடற்படைக்குப் பதில் வந்தவை பிரின்ஸ் ஒஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெருங்கப்பல்கள். டிசம்பர் 10இல் இரண்டும் மூழ்கின. 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூர் சரணடைந்தது. மார்ச் 8இல் ரங்கூன் விழுந்தது. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசியும் அதோடு நின்றது. வழியில் எண்ணெய் நிரப்புகிற இடமாக இருந்த திருகோணமலை யுத்தத்தின் முன்வாசலாயிற்று.

ஏப்ரல் 9 காலை ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து ஏறக்குறைய 130 ஜப்பானிய விமானங்கள் வந்தன. சீனக்குடாவிலிருந்து ஹரிக்கேன் விமானங்கள் எழும்பிச் சண்டையிட்டன. துறைமுகத்தில் நின்ற சகெய்ங் என்ற கப்பல் எரிந்தது. குதங்களில் ஒன்று தீப்பற்றியது. முதல் நாள் இரவே துறைமுகத்தை விட்டு வெளியேறியிருந்த ஹேர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக் கடலில் கண்டுபிடித்து மூழ்கடித்தார்கள்; அதில் 307 பேர் இறந்தார்கள்.

என் உம்மும்மா அப்போது சிறுபிள்ளை. மழைக்குணம் ஒன்றும் இல்லாத காலையில் இடி இடித்ததாகவும், அடுப்படியில் கவிழ்த்து வைத்த சட்டிகள் ஒன்றோடொன்று முட்டிக் கிலுகிலுத்ததாகவும் சொல்வார். பிறகு நகரத்துச் சனங்கள் பாயும் மூட்டையுமாய் வள்ளங்களில் இக்கரைக்கு வந்தார்களாம். ஊரில் யாரும் அவர்களை நீங்கள் தமிழா, சோனகரா, சிங்களவரா என்று கேட்கவில்லை என்று அவர் ஒவ்வொரு முறையும் சேர்த்துச் சொல்வார். 2006 ஓகஸ்ட்டில் மூதூர்ச் சனம் வீடுவாசலை விட்டுக் கந்தளாய்க்கு நடந்தபோது அந்தப் பேச்சை நான் நினைத்துக்கொண்டேன். யார் தொடங்கிய யுத்தமானாலும் மூட்டை தூக்குகிறவர்கள் ஒரே மாதிரியான ஆட்கள்தான்.

பிரித்தானியா தளத்தை இலங்கையிடம் கையளித்தது 1957 ஒக்டோபர் 15ஆம் திகதி. ஆனால் துறைமுகத்தைப் பற்றிய பேச்சு அத்தோடு முடியவில்லை. 1987 யூலையில் இந்திய இலங்கை உடன்படிக்கையோடு பரிமாறிய கடிதங்களில் திருகோணமலையின் பெயரும் இந்தக் குதங்களும் இருக்கின்றன. 2022 ஜனவரியில் கையெழுத்தான ஏற்பாட்டின்படி 14 குதங்கள் இந்திய எண்ணெய் நிறுவனத்திடம், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடம், 61 இரண்டும் சேர்ந்த கம்பனியிடம். வல்லரசுகள் இந்து சமுத்திரத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் எங்கள் குடாவின் பெயர் வந்துவிடுகிறது. ஒவ்வொரு உடன்படிக்கையையும் எங்கள் பிள்ளைகள் வரிவரியாக வாசிக்கப் பழக வேண்டும் என்று நான் ஆசைப்படுவது அதனால்தான்.

மூதூர்க் கல்வி வலயத்துப் பாடசாலைகளுக்கு என்னிடம் ஒரு கோரிக்கை இருக்கிறது. கல்விச் சுற்றுலா என்றால் அனுராதபுரம், சிகிரியா, கண்டி என்று விடியற்காலையில் பஸ் பிடிக்கிறோம். பிள்ளைகள் அங்கெல்லாம் போகட்டும். ஆனால் பதினோராந் தரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைத் திருகோணமலைக்கு ஒதுக்குங்கள். கிண்ணியாப் பாலம் வந்த பிறகு லோஞ்சுக்குக் காத்திருக்கிற கஷ்டமும் இல்லை. கடற்படையிடம் முன்கூட்டியே அனுமதி எடுத்தால் ஹூட்ஸ் கோபுரத்தில் பிரித்தானியர் வைத்த பீரங்கிகளைப் பார்க்கலாம். அவை எந்தத் திசையைப் பார்க்கின்றன என்று பிள்ளைகள் வரைபடத்தில் குறிக்கட்டும். யுத்த மயானத்தில் கல்லில் வெட்டிய வயதுகளை வாசிக்கட்டும். சீனக்குடா வீதியில் பஸ்ஸை மெதுவாக விடச் சொல்லிக் குதங்களைக் காட்டுங்கள். வாஷிங்டன், அபிசீனியா, மியூனிக் என்ற மூன்று பெயர்களையும் அந்த வீதியில் வைத்துச் சொல்லிக் கொடுங்கள். செலவுக்கு ஊர்ப் பள்ளிவாசல்களிடமும் கோயில்களிடமும் கேட்கலாம். கேட்கிற வேலையை நான் எடுத்துக்கொள்கிறேன்.